பாட்டரி கழற்றிய சைக்கிள்

போன வருடம் பங்குனி உத்திரத்தன்று என் பால்குடம் செம்பூர் முருகன் கோவிலுக்கு ஆட்டோவில் போனது. அதை மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கோபம்தான் உண்டு, அதுவும் என் முழங்கால்கள் மேல்.

தாராவியில் எங்கள் தெருப் பெண்கள் மஞ்சள் புடவை கட்டி, வெறுங்காலோடு, தலையில் குடத்தை வைத்துக்கொண்டு விடியும் முன் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் செம்பூர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். சயான் தாண்டும்வரை நானும் அவர்களோடு நன்றாகத்தான் நடந்தேன். சூனாபட்டி வந்ததும் மூச்சு இரைத்தது. முழங்கால் இரண்டும் கைவிட்டுவிட்டன. யாரோ குடத்தை இறக்கினார்கள், யாரோ ஆட்டோவை நிறுத்தினார்கள். டிரைவர் பாவம், பள்ளம் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினார். இருந்தாலும் கோவில் வாசலில் இறங்கும்போது பாதிப் பால் என் புடவையில் இருந்தது.

மறுநாளே எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. ஆட்டோ பால்குடம். வைத்தவள் எதிர்வீட்டு செண்பகவல்லி. கெட்டவள் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. குழாயடியில் என்னைப் பார்த்தால், "மைனி, தண்ணிக் குடத்துக்கும் ஆட்டோ கூப்பிடவா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். வீட்டுக்குள் வந்து குடத்தை டமார் என்று வைப்பேன்.

கேலி எனக்குப் பெரிதில்லை. கொடுத்த வாக்கு தவறியதுதான் பெரிது. அதற்கு முந்தின வருடம் என் வீட்டுக்காரர் அய்யாத்துரை டிபியில் விழுந்தார். தினமும் காலையில் கறுப்பு சைக்கிளின் பின்னால் இட்லிப் பாத்திரத்தைக் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு மாட்டுங்கா முழுக்கச் சுற்றிய மனிதர் அவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். அப்போது நான் முருகனிடம் பேசி முடித்தேன். "இவரை நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்பு. நான் உன் வாசலுக்குப் பாலோடு நடந்தே வருகிறேன்." அவன் தன் பங்கைச் செய்துவிட்டான். அவர் நடந்துதான் வீட்டுக்கு வந்தார். நான்தான் ஆட்டோவில் போனேன்.

நோய் போய்விட்டது, ஆனால் அவருடைய ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப்போயிற்று. மாடிப்படியைக்கூட நின்று நின்றுதான் ஏறுவார். வீட்டுக்கு வந்தபின் ஒரே ஒரு தடவை கறுப்பு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தண்டவாளத்துக்கு மேலே மாட்டுங்கா பக்கம் போகும் பாலத்தில் பாதிவரைகூட ஏற முடியவில்லை. தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். படிக்கட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டினார். அன்றிலிருந்து நான் இட்லி அவிக்கிறேன், அவர் வாசலில் உட்கார்ந்து விற்கிறார். பழைய இரும்புக்காரன் அந்த சைக்கிளைக் கேட்டபோது கொடுக்கவில்லை. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுத்தான் போவார்.

இந்த வருடம் நடந்தே தீருவது என்று தீபாவளி முடிந்ததுமே முடிவுசெய்தேன். நடந்து பழகலாம் என்று பார்த்தால் நாலாம் நாளே முழங்கால் வீங்கியது. மாட்டுங்காவில் ரஞ்சனா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் இருக்கிறாள். மராட்டிக்காரி, என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் அதட்டலில் எனக்கு அக்கா. காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது. தொடையில் பலமில்லை, மூச்சிலும் பலமில்லை. முதலில் சைக்கிள் ஓட்டுங்கள். உடம்புப் பாரத்தை சீட் தாங்கிக்கொள்ளும், முழங்காலுக்கு அடி விழாது" என்று இந்தியில் சொன்னாள்.

சைக்கிள் எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஓட்டியிருக்கிறேன். சான்பாடாவில் வேலை பார்க்கும் என் மகன் ஆதித்யனிடம் போனில் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் ஒரு சைக்கிளோடு வந்து இறங்கினான். நீல நிறம், ஏழு கியர். நீளமான பாட்டரி ஒன்று சட்டத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும், வெளியே தெரியாது.

"டென்ஷன் நை லேனே கா, கவலப்படாத அம்மா. நீ மிதிச்சா அதுவும் சேந்து மிதிக்கும். முட்டி வலிக்கவே வலிக்காது" என்றான்.

வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "கியரும் இருக்கு, மோட்டாரும் இருக்கு. அப்ப ஓட்டுறவன் என்னல செய்வான்?"

"ஹேண்டில பிடிச்சுக்கணும் பப்பா."

"கேரியர் இல்லையே. கேரியர் இல்லாம என்ன சைக்கிளு?" என்று அன்று சாயங்காலமே கடைக்குப் போய் ஒரு கேரியர் வாங்கிவந்து மாட்டினார். மாட்டி முடித்ததும் சீட்டைத் துடைத்தார். ஏறிப் பார்க்கவில்லை.

மகனுடைய பழைய டிராக் பேண்ட், அதற்கு மேல் ஒரு குர்தி. காலை வியாபாரம் முடிந்ததும் கிளம்பிவிடுவேன். பாலம் ஏறி இறங்கி, கிங்ஸ் சர்க்கிள் வழியாகப் பைவ் கார்டன் பூங்காவுக்குப் போய், அங்கே ரெண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புவேன். கைப்பிடியில் ஒரு பட்டன் உண்டு. அமுக்க அமுக்க மோட்டாரின் உதவி கூடும். நான் அதைக் கடைசிவரை அமுக்கியே வைத்திருந்தேன். கிடைக்கிற உதவியை யாராவது பாதி வாங்குவார்களா? பாலத்தில் பஸ்ஸே திணறி ஏறும், நான் முருகன் பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டு ஏறுவேன். ஒரு சொட்டு வியர்வை கிடையாது. மார்கழிக் காற்று முகத்தில் அடிக்கும்போது எனக்கு வயது குறைந்ததுபோல் இருந்தது.

குழாயடியில் எல்லோரிடமும் சொன்னேன். "இந்த வருஷம் பாருங்க, உங்களுக்கு முன்னால நான் செம்பூர்ல நிப்பேன்."

"நிப்பீங்க மைனி, பாட்டரி போட்ட பால்குடமா?" என்றாள் செண்பகவல்லி. நான் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒருநாள் இரவு கரண்ட் போயிருந்தது போல. பாட்டரியில் சார்ஜ் ஏறாததை நான் கவனிக்கவில்லை. காலையில் வழக்கம்போலப் போய்விட்டுத் திரும்பும்போது, பாலம் ஏறத் தொடங்கும் இடத்தில் விளக்கு அணைந்து மோட்டார் நின்றுவிட்டது. பாட்டும் நின்றது. சைக்கிள் திடீரென்று யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் கனத்தது. பல்லைக் கடித்து மிதித்தேன். இருபதடி போயிருப்பேனா, இறங்கிவிட்டேன். தள்ளிக்கொண்டு உச்சிக்கு வரும்போது தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த மூச்சு எனக்குத் தெரிந்த மூச்சு. சூனாபட்டி மூச்சு. அதே இரைப்பு, அதே வெள்ளையாகத் தெரிகிற ரோடு. இரண்டு மாதமாக பாட்டரிதான் உடற்பயிற்சி செய்திருக்கிறது. நான் அதன் மேல் உட்கார்ந்து பாட்டுப் பாடியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "சார்ஜ் தீந்துட்டா? போட்டா சரியாயிரும்ட்டி" என்றார்.

"போட மாட்டேன். கறுப்பு சைக்கிள் சாவி எங்க?"

"அது எதுக்கு உனக்கு?"

"மிதிக்கதுக்கு."

"அது பாரம் ஏத்துத வண்டி. எனக்கே தொடை கழண்டுரும். உன் முட்டி தாங்காது, சொல்லுதேன் கேளு."

கேட்கவில்லை. எவ்வளவுக்கு எவ்வளவு கஷ்டமோ அவ்வளவுக்கு அவ்வளவு பலன் என்று கணக்குப் போட்டேன். கறுப்பு சைக்கிள் முழுக்க இரும்பு, கியர் கிடையாது. பாலத்தில் ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு முழுவதையும் போட்டு அழுத்தினேன். வியர்வை ஆறாக ஓடியது. இதுதான் உடற்பயிற்சி என்று எனக்குள் ஒரே பெருமை. பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒருநாள் காலையில் எழுந்தால் முழங்கால் இரண்டும் இட்லி மாதிரி உப்பியிருந்தன. கக்கூசுக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

அவர் 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. ஐஸ் வாங்கிவந்து துணியில் சுற்றி முட்டியில் வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது. "இந்த வருஷமும் ஆட்டோதான் போல" என்றேன்.

"இன்னும் நாளு கெடக்கு. அந்தப் பிள்ளைகிட்ட போ" என்றார்.

ரஞ்சனா என் முழங்காலைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு சைக்கிள் கதையையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பாட்டரியில் போகும்போது பாட முடிந்ததா?"

"நல்லாப் பாடினேனே."

"அப்படியென்றால் அது சவாரி. சைக்கிள் ஓட்டும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் உடம்பு வேலை செய்யவில்லை. பேசவே முடியாவிட்டால் உங்கள் உடம்புக்கு அது அதிகம். கறுப்பு சைக்கிளில் பேசினீர்களா?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டு எப்படிப் பேச?"

"அதுதான் முட்டியைக் கெடுத்தது. கனத்தை மெதுவாக அழுத்தினால் பாரம் முழுக்க மூட்டில் விழும். லேசான கியர் போட்டு, கால் வேகமாகச் சுற்ற வேண்டும். சீட்டை உயர்த்துங்கள், கால் கீழே போகும்போது கிட்டத்தட்ட நேராக வர வேண்டும்." பிறகு கொஞ்சம் சாந்தமாகச் சொன்னாள். "பாட்டரியைத் திட்டாதீர்கள். அது இல்லாமல் சைக்கிளே ஏற முடியாத ஆளுக்கு அது மருந்து. அவர் மிதிக்கவும் செய்வார், மூச்சும் வாங்காது. உங்களுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்."

வீக்கம் வடிந்த அன்றே நீல சைக்கிளிலிருந்து பாட்டரியைக் கழற்றி அரிசி டிரம்மின் மேல் வைத்தேன். ஆதித்யன் போனில் சிரித்தான். "பாட்டரி இல்லாம அது வெறும் லோஹா அம்மா." வெறும் இரும்பாகவே இருக்கட்டும் என்றேன். ஏழு கியர் இருக்கிறதே, அதற்கும் அவன்தானே காசு கொடுத்தான்.

முதல் நாள் பாலத்தில் ஆக லேசான கியரைப் போட்டேன். கால் கிரைண்டர் மாதிரிச் சுற்றுகிறது, வண்டியோ நகர மாட்டேன் என்கிறது. நடந்துபோன காலேஜ் பெண்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டே என்னை முந்திப் போனார்கள். போகட்டும். பாதியில் இறங்கினேன். மறுநாள் அந்த இடத்தைத் தாண்டி ஒரு விளக்குக் கம்பம் வரை. நடுநடுவே பாடிப் பார்ப்பேன். முதல் வரியிலேயே மூச்சு முட்டினால் சரிதான் என்று மிதிப்பேன். 'முருகா, வந்துக்கிட்டிருக்கேன்' என்று சொல்ல மூச்சு மிச்சமிருந்தால் போதும். சில நாள் மழை பெய்ததுபோல் நனைந்து வீடு திரும்பினேன். செண்பகவல்லி வாயைத் திறப்பாள், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொள்வாள்.

மாசி பிறந்தபோது போகும்போதும் வரும்போதும் இறங்காமல் பாலத்தைக் கடந்தேன். அதன் பிறகு நடையையும் சேர்த்தேன். சயான் சர்க்கிள் வரை நடந்து திரும்பினேன். முட்டி முணுமுணுத்தது, வீங்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் மாவு அரைத்து முடித்து வெளியே எட்டிப் பார்த்தேன். ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த நீல சைக்கிளின் சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் கைப்பிடியில். தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்சக்கரம் அந்தரத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ரஞ்சனா சொன்ன மருந்து ஞாபகம் வந்தது.

"பாட்டரி மாட்டித் தாரேன். கார்டன் வரைக்கும் ஒரு தடவ போயிட்டு வாங்களேன்" என்றேன்.

சட்டென்று இறங்கிவிட்டார். "பாட்டரி போட்டு ஓட்டதுக்கு நான் என்ன சீக்காளியா?"

அதற்கு மேல் பேசினால் சண்டை வரும். விட்டுவிட்டேன்.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். படிக்கட்டுப் பக்கம் போனால் கறுப்பு சைக்கிளில் ஹாரனைக் காணோம். அது நீல சைக்கிளின் கைப்பிடியில் இருந்தது. கேரியரில் பழைய போர்வை ஒன்றை மடித்து மெத்தை மாதிரிக் கட்டியிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நாளைக்கு என் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வரப்போகிறார். நான் விழுந்தால் அதில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகத் திட்டம். ஆட்டோவுக்குப் பதில் சைக்கிளாம்.

முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டும் நம்பிக்கை இல்லையா? அடுத்த நிமிடம் வேறொன்று தோன்றியது. நான் நடக்கிற அதே தூரத்தை அந்த ஒற்றை நுரையீரலோடு அவரும் நடக்க வேண்டும். வராதீர்கள் என்றால் கேட்கிற ஆளா? சத்தமில்லாமல் அரிசி டிரம்மின் மேலிருந்து பாட்டரியை எடுத்து சார்ஜ் போட்டேன். காலையில் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அதைச் சட்டத்துக்குள் தள்ளிப் பூட்டினேன்.

விடியும் முன் கிளம்பினோம். குடத்தை என் தலையில் ஏற்றிவிட்ட செண்பகவல்லி, "மைனி, முடியலைன்னா சொல்லிருங்க, கேலி பண்ண மாட்டேன்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் ரோஷமாக இருந்தது.

தலையில் குடம் இருந்தால் திரும்பிப் பார்க்க முடியாது. காதால்தான் பார்க்க வேண்டும். மேளத்துக்கும் அரோகராவுக்கும் நடுவே, பின்னால் சைக்கிள் சக்கரம் டிக் டிக் என்று உருண்டு வருவதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். சயான் போனது. சூனாபட்டி வந்தது. ஆட்டோ நின்ற அதே இடம். மூச்சை இழுத்துப் பார்த்தேன். வேகமாக வந்தது, ஆனால் முழுசாக வந்தது. முழங்கால் வலித்தது, ஆனால் நின்றது. "அரோகரா" என்று கத்தினேன். குரல் உடையவில்லை.

அப்போதுதான் பின்னால் டிக் டிக் தள்ளாடியது. நின்றது. மறுபடி உருண்டது. அதோடு ஒரு விசில் சத்தம். எனக்குத் தெரியும் அது அவர் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறது என்று. நான் நடையை நிறுத்தவில்லை, மெதுவாக்கினேன்.

"ஏறி உக்காருங்க" என்றேன், முன்னால் பார்த்தபடியே.

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ நட."

"பாட்டரி மாட்டியிருக்கேன். இடது பக்கம் பட்டன். அமுக்குங்க."

மூச்சு மட்டும் கேட்டது. "நான் உனக்காகல்லா உருட்டிட்டு வாரேன்" என்றார் கடைசியில்.

"நீங்க உருட்டுறது எனக்காக. நான் மாட்டுனது உங்களுக்காக. யாருக்காக இவ்வளவு தூரம் நடக்கேன்னு நெனைக்கிய? மறுபடியும் ஆஸ்பத்திரியில படுத்தீங்கன்னா, இன்னொரு தடவ நேந்துக்கிட என் முட்டியில தெம்பு கிடையாது. ஏறுங்க."

மேளம் எங்களைத் தாண்டி முன்னால் போய்விட்டது. நான் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒன்றுமே கேட்கவில்லை. டிக் டிக் இல்லை, விசில் இல்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டாரோ என்று நினைத்தபோது, காதுக்குப் பக்கத்தில் அந்த ரப்பர் ஹாரன் அலறியது. மாட்டுங்கா முழுக்கக் கேட்ட அதே சத்தம். குடம் சாயப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன்.

முன்னால் போன செண்பகவல்லியும் திரும்பிப் பார்க்க முடியாமல் கத்தினாள். "மைனி, பின்னால என்ன சத்தம், ஆட்டோவா?"

"இல்லட்டி, இட்லிக்காரர்" என்றேன். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

செம்பூர் வரும்வரை அந்த ஹாரன் என் பின்னாலேயே வந்தது. கோவில் படிக்கட்டுக்குக் கீழே நின்றுவிட்டது. படிகளை நான் தனியாக ஏறினேன். ஏறும்போது பாடிப் பார்த்தேன், முடியவில்லை. பேசிப் பார்த்தேன். "நடந்து வந்துட்டேன்பா" என்று சொல்ல முடிந்தது. ஒரு சொட்டு சிந்தாத பாலை அவனுக்கு ஊற்றினேன்.

குடம் இறங்கிய பிறகுதான் திரும்பிப் பார்க்க முடிந்தது. மேலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே ரோட்டோரம், செருப்புக் குவியலுக்கும் பூக்கடைக்கும் நடுவே இருந்த காலி இடத்தில், அவர் சைக்கிளில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றினார், மறுபடி சுற்றினார். யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை ஹாரனை அமுக்கினார்.

பாட்டரி தீர்ந்துவிடும், இறங்குங்கள் என்று கத்த வாயெடுத்தேன். தீர்ந்தால் தீரட்டும். கேரியரில் மெத்தை கட்டித்தான் இருக்கிறது. அவரைப் பின்னால் உட்காரவைத்து, தாராவி வரைக்கும் நானே மிதிப்பேன்.